வலன்ரைன்ர சவர்க்காரமும் என்ர குளத்துச் சேறும்

வெள்ளவத்தை
06.10.2024

அன்பு மச்சான் பிரசாந்துக்கு அத்தான் எழுதிக்கொள்வது.

இஞ்ச எல்லாரும் சுகம், என்ர மீனுகளைத் தவிர. உன்ர அக்கா கௌரிக்குப் பிரஷர் கொஞ்சம் ஏறி இறங்குது. என்னைக் கட்டின நாளில இருந்தே அப்பிடித்தான், நீ பயப்பிடாதை. கண்டிக் குளிருக்கு உன்ர நெஞ்சுச் சளி எப்பிடி?

இந்தக் காலத்தில இந்த மனுசன் ஏன் கடிதம் எழுதுது எண்டு யோசிப்பாய். வழக்கைப் பற்றி வாட்ஸ்அப்பில ஒரு சொல்லும் போடக் கூடாதாம். மற்றப் பக்கத்து லோயர் அதைத் தோண்டி எடுத்து கோட்ஸில காட்டிப்போடுவாராம். இது எங்கட லோயர்ர கட்டளை. அதால எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்தைக் கும்பிட்டு விட்ட லவன், பல்கலைக்கழகத்தில சேறு படிப்பிக்கிற டொக்டருக்குக் கைப்பட எழுதிறன். பிழை இருந்தால் புள்ளியைக் குறை.

என்ன வழக்கெண்டு கேள். கொலன்னாவைச் சதுப்போரம் நான் குத்தகைக்கு எடுத்து கோய் அலங்கார மீன் வளக்கிற மண்குளம் உனக்குத் தெரியும்தானே. போன மாசம் தண்ணி பச்சை பிடிச்சது. சும்மா பச்சை இல்லை, பெயின்ற் வாளியைக் கவிழ்த்த பச்சை. ஒருநாள் விடியப் போய்ப் பாத்தால் பெரிய மீனெல்லாம் வயித்தைக் காட்டிக்கொண்டு மிதக்குதுகள். கையால வளத்த மீன், மச்சான். என்ர நிழலைக் கண்டால் ஓடி வாறதுகள்.

ஆரின்ர வேலை எண்டு குருடனுக்கும் தெரியும். பக்கத்தில கொட்டாஞ்சேனை ஆள் வலன்ரைன் லோண்டரி வச்சிருக்கிறான். ஹோட்டல் பெட்சீற் தோய்க்கிற இடம். அவன்ர சவர்க்காரத் தண்ணி ஓடுற வாய்க்கால் என்ர குளக்கட்டை உரஞ்சிக்கொண்டுதான் சதுப்புக்குப் போகுது. ஆளைப் பாத்தால், ஊத்தை உடுப்புத் தோய்க்கிறவன் மாதிரியோ? வெள்ளை ஷேர்ட் மடிப்புக் குலையாமல் பூசைக்குப் போற மாதிரி வருவான். நான் எத்தினை பகிடி விட்டாலும் பல்லைக் காட்டமாட்டான். சிரிக்கத் தெரியாதவனை என்னெண்டு நம்பிறது?

நீ ஒருக்கா வந்து தண்ணியையும் சேத்தையும் அள்ளிப் பாத்து, சவர்க்காரம்தான் கொண்டது எண்டு ரெண்டு வரி எழுதித் தா. உன்ர பேருக்குப் பின்னால இருக்கிற எழுத்துகள் ஒருக்காலாவது குடும்பத்துக்கு உதவட்டும்.

கம்பளிச் சட்டையைக் கழட்டாதை.
அத்தான் லவன்

*

கண்டி
15.10.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். சளி குறைந்துவிட்டது. அக்காவைப் பிரஷர் குளிசையைத் தவறாமல் போடச் சொல்லுங்கள்.

மீன்கள் செத்தது உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. தீபாவளி விடுமுறைக்கு வரும்போது குளத்திலும் வாய்க்காலிலும் மாதிரிகள் எடுக்கிறேன். ஆனால் என்ன முடிவு வரும் என்று முதலே சொல்ல முடியாது. சவர்க்காரம்தான் என்று நீங்கள் லோயரிடம் முதலே சொல்லியும் விடாதீர்கள்.

அன்புடன்,
பிரசாந்

*

வெள்ளவத்தை
10.11.2024

மச்சானுக்கு,

சுகமாய்ப் போய்ச் சேந்திருப்பாய் எண்டு நினைக்கிறம். உன்ர அக்காவின்ர தீபாவளிப் பலகாரம் உன்ர வயித்தை ஒண்டும் செய்யேல்லையே?

மச்சான், உன்னைப் பெத்ததுகள் உயிரோட இருந்து நீ அண்டைக்கு நிண்ட கோலத்தைக் கண்டிருந்தால் அழுதிருக்குங்கள். முழங்கால் மட்டும் சேறு. ஒரு குழாயைக் குத்தி இழுத்து, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பாத்தியே, அதைக் கண்ட பக்கத்துக் கங்குன் கீரைப் பாத்திச் சிங்களப் பொடியன் என்னட்டைக் கேக்கிறான், "அண்ணை, அந்த மாத்தயாவுக்குச் சுகமில்லையோ?" எண்டு. என்ர மச்சான், பெரிய டொக்டர் எண்டு சொன்னனான். "அப்ப ஏன் சேத்துக்கை நிக்கிறார்?" எண்டான். பேந்து அந்தச் சேத்தை ஐஸ் பெட்டியில வச்சு, பிள்ளையைத் தூக்கிற மாதிரி மடியில வச்சுக்கொண்டு பஸ் ஏறினாய். கண்டறியாத படிப்பு!

இப்ப நல்ல சேதி. புதுக்கடைக் கோட்ஸில எங்கட பக்கம் இடைக்காலத் தடை கிடைச்சிட்டுது. வழக்கு முடியுமட்டும் வலன்ரைன் அந்த வாய்க்காலில ஒரு துளி தண்ணியும் விடேலாது. தண்ணி விடாமல் லோண்டரியோ? பூட்டிப்போட்டான். கோட்ஸ் வாசலில என்னை மறிச்சான்.

"லவன் அண்ணை, என்ர தண்ணி எத்தினை வருசமா அதால ஓடுது. உங்கட மீன் இப்பதானே செத்தது. என்னட்டை வேலை செய்யிற பொம்பிளையள் இனி எங்க போறது?"

"விகாரமகாதேவிப் பூங்காவில காத்து நல்லம். அங்க போய் இருக்கச் சொல்லும்" எண்டனான்.

லோயர் விழுந்து விழுந்து சிரிச்சார். அவன் வழக்கம்போல மூஞ்சியை மடிச்சு வச்சிருந்தான்.

உன்ர ரெண்டு வரியைக் கெதியா அனுப்பு. குளிருக்குக் கவனம்.
அத்தான்

*

கண்டி
08.12.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். நீங்களும் அக்காவும் சுகமாக இருக்க வேண்டும். கீழே எழுதுவதைக் கோபப்படாமல் வாசியுங்கள்.

வலன்ரைனின் வாய்க்காலில் பாசியை வளர்க்கும் பொசுபரசு இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் குளத்துச் சேற்றில் இருப்பதோடு பார்த்தால் அது அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி. மிஞ்சிய மீன்தீனும் மீன் கழிவும் வருடக்கணக்காக அடியில் இறங்கியிருக்கின்றன. அவற்றிலிருந்த பொசுபரசை அந்தச் செம்மண்ணிலுள்ள இரும்புத் துரு இறுக்கிப் பிடித்து வைத்திருந்தது. சேற்றில் ஒட்சிசன் இருக்கும்வரை அந்தப் பிடி விடாது.

இந்த வருடம் தீனைக் கூட்டியதாக நீங்களே சொன்னீர்கள். சேற்றில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணங்கிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. மிஞ்சிய தீனைத் தின்று தின்று அவை ஒட்சிசனை முடித்துவிட்டன. ஒட்சிசன் முடிந்ததும் அவற்றில் ஒரு வகை, நாம் காற்றைச் சுவாசிப்பதுபோல இரும்புத் துருவைச் சுவாசிக்கத் தொடங்கும். துரு கரையும். அது பிடித்து வைத்திருந்த பொசுபரசு தண்ணீருக்கு வந்துவிடும். பாசிக்கு அது விருந்து. பாசி பெருகி, இரவில் தண்ணீரிலுள்ள ஒட்சிசனையும் குடித்துவிட, விடியும்போது மீன் மூச்சுத் திணறிச் சாகிறது. உங்கள் குளத்தில் நடந்தது இதுதான். சதுப்பு முழுவதுமே இப்படித்தான் பொசுபரசைப் பிடிப்பதும் விடுவதுமாக இயங்குகிறது.

ஆகவே நீங்கள் கேட்ட இரண்டு வரியை என்னால் எழுத முடியாது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். குளத்தைக் காயவிட்டு, சேற்றை அப்படியே வைத்துக்கொண்டு திரும்ப நிரப்பாதீர்கள். காயும்போது நுண்ணங்கிகளில் பெரும்பகுதி செத்துப்போகும். தண்ணீர் பட்டதும் அவற்றின் உடலில் இருந்த பொசுபரசும் சேர்ந்து ஒரேயடியாக வெளியே வரும். வற்றவைக்கத்தான் வேண்டுமென்றால் மேற்சேற்றை வெட்டி அகற்றிவிட்டு நிரப்புங்கள்.

அக்காவுக்கு என் அன்பு.
பிரசாந்

*

வெள்ளவத்தை
02.01.2025

மரியாதைக்குரிய பூச்சி டொக்டர் அவர்களுக்கு,

புதுவருச வாழ்த்து. நாங்கள் சுகம். உனக்குத்தான் மண்டையில ஏதோ பிடிச்சிட்டுது எண்டு உன்ர கடிதத்தில தெரியுது. அக்கா ரெண்டுதரம் வாசிச்சிட்டுக் குசினிக்குள்ள போட்டா.

எனக்கு விளங்கினதைச் சொல்லிறன், சரியோ எண்டு பார். என்ர குளத்துச் சேத்துக்குள்ள கோடிப் பேர் குடியிருக்கினம். வாடகை இல்லை. சாப்பாடு என்ர மீன்தீன். காத்து முடிஞ்சால் துருவைச் சுவாசிப்பினம். நல்ல பொருத்தம்! அப்ப என்ர பழைய ஓட்டோவில ஒரு ஊரையே குடியேத்தலாம், அவ்வளவு துரு. உவையளை ஆரும் கண்டவையோ? இல்லை. லோண்டரிக் குழாயை ஆரும் கண்டவையோ? ஓம், அந்தப் பாதையால போற நாயும் கண்டது. கண்ணுக்குத் தெரியிறவனை விட்டிட்டுத் தெரியாததுகளில பழியைப் போடுறதுக்கோ உனக்கு அரசாங்கம் சம்பளம் தருது? நாளைக்கு நீதவான் சாட்சியைக் கூப்பிடச் சொன்னால் உன்ர பூச்சியள் எந்தக் கூண்டில ஏறும்? பைபிளில கை வைக்குமோ, பகவத்கீதையிலயோ?

நான் வீட்டில சொன்னனான்: வலன்ரைன்ர சவர்க்காரத்தில ஒரு கட்டியை வாங்கி உன்ர மூளைக்குப் போடவேணும் எண்டு. அக்கா சிரிக்கேல்லை. உங்கட பரம்பரையில ஆருக்கும் சிரிப்பு வராது போல.

ஒரு விசயம் சொல்லிறன் கேள். வெயில் பிடிச்சிட்டுது. குளத்தை இறைச்சுக் காயப் போடப்போறன். மே மாசம் வழக்கு விளக்கத்துக்கு எடுபடும். அதுக்கு முன்னம் புதுத் தண்ணி நிரப்பி, லோண்டரி பூட்டின பிறகு குளம் கண்ணாடி மாதிரி இருக்கிறதைப் படம் எடுத்து நீதவானுக்குக் காட்டப்போறம். சேத்தை வெட்டிறதோ? பூச்சிக்குப் பயந்து குளம் வெட்டின முதல் ஆள் எண்டு என்னைக் கொலன்னாவையே பாத்துச் சிரிக்கும்.

உடம்பைப் பார், மூளையையும் பார்.
கண்ணுக்குத் தெரியிற அத்தான்

*

வெள்ளவத்தை
23.03.2025

அன்பு மச்சானுக்கு,

எப்பிடிச் சுகம்? கனகாலம் எழுதேல்லை, குறை நினையாதை. நாங்கள் மெத்த நல்ல சுகம். இஞ்ச வெக்கையெண்டால் சொல்லி வேலையில்லை. உன்ர அக்கா மத்தியானத்தில ஈரத் துவாயைத் தலையில போட்டுக்கொண்டு இருக்கிறா, நான் குருவானவர் எண்டு கூப்பிடுறன். மூலையில இருந்த பேக்கரிக்காரன் கடையைத் துணிக்கடையாக்கிப் போட்டான், இப்ப பாண் வாங்க ரெயில் றோட்டுப் பக்கம் நடக்கவேண்டிக் கிடக்கு. எனக்கு நடை நல்லம் எண்டு டொக்டர் சொன்னவர், உண்மையான டொக்டர். கண்டியில இப்ப பூ பூக்கிற காலமோ? நீ எப்ப கலியாணம் கட்டப்போறாய்? சேத்துக்கை ஒரு பெம்பிளை இருந்தால் எடுத்து ஐஸ் பெட்டியில வச்சுக்கொண்டு வா, நாங்கள் ஒண்டும் சொல்லமாட்டம். சீதனமும் வேண்டாம்.

வேற விசேசம் ஒண்டுமில்லை.
அத்தான்

*

கண்டி
02.04.2025

அன்புள்ள அத்தானுக்கு,

சுகம். பூ பூத்திருக்கிறது. கலியாணம் இல்லை.

ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள், குளத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. தண்ணீர் எப்படி இருக்கிறது?

இன்னொன்று. வலன்ரைனின் லோயர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். நான் மாதிரி எடுத்ததை யாரோ கண்டிருக்கிறார்கள். நானாகப் போய் நிற்கமாட்டேன். ஆனால் கோட்ஸிலிருந்து அழைப்பு வந்தால், வந்து உள்ளதைத்தான் சொல்வேன். இதை உங்களுக்கு முதலே சொல்லாமல் விட்டால் அது மரியாதை இல்லை.

பிரசாந்

*

வெள்ளவத்தை
16.04.2025

என் அன்புத் தம்பிக்கு,

புதுவருசம் நல்லபடியாப் போயிருக்குமெண்டு நம்பிறன். கைவிசேசக் காசு உனக்கெண்டு எடுத்து வச்சிருக்கிறன். என்ர பிரஷர் பரவாயில்லை. இதை அத்தானுக்குத் தெரியாமல் எழுதிறன்.

நீ சொன்னது நடந்திட்டுது. சேத்தை வெட்டாமல்தான் நிரப்பினவர். முதல் கிழமை தண்ணி கண்ணாடி மாதிரி இருந்தது. படம் எடுத்து லோயரிட்டைக் குடுத்திட்டு, வாற வழியில எல்லாருக்கும் வடை வாங்கிக்கொண்டு வந்தவர். பேந்து புது மீன் விட்டார். பேந்து பச்சை. முந்தினதிலும் பாக்க மோசம், தம்பி, மேல ஆடை பிடிச்சு மணக்குது. புது மீன் ஒண்டும் மிஞ்சேல்லை. லோண்டரி நவம்பரில இருந்து பூட்டு. அப்ப ஆரின்ர சவர்க்காரம்?

அவர் லோயருக்கு இதைச் சொல்லேல்லை. அந்த நல்ல படம்தான் கோட்ஸுக்குப் போகப்போகுது. வீட்டில முந்தியிலும் பாக்கக் கூடப் பகிடி விடுறார், சாப்பிடேக்கையும் வாய் மூடுறதில்லை. அதில சந்தேகம் வந்துதான் நான் குளத்தைப் போய்ப் பாத்தனான்.

நீ வரவேண்டாம். நீ வந்து சொன்னால் இவர் உன்ர முகத்தில இனி முழிக்கமாட்டார். சொல்லிறதெண்டால் இவர்தான் சொல்லவேணும். சொல்லாட்டி இவரோட எப்பிடி இருக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை.

உன்ர அக்கா
கௌரி

*

வெள்ளவத்தை
25.05.2025

மச்சானுக்கு,

உயிரோட இருக்கிறன். உன்ர அக்காவும் சுகம். நீயும் இருக்கிறாய் எண்டு நினைக்கிறன்.

நடந்ததை ஒழுங்கா எழுதிறன். என்னைக் கூண்டில ஏத்தினாங்கள். எங்கட லோயர் அந்தப் படத்தைக் குடுத்தார். நீதவான் பாத்தார். மற்ற லோயர் வாங்கி வலன்ரைனுக்குக் காட்டினார். அவன் கண்ணாடியைப் போட்டுக் குனிஞ்சு கனநேரம் பாத்தான். அந்த வெள்ளை ஷேர்ட் மடிப்புக் குலைஞ்சு கிடந்தது. பேந்து தன்ர லோயரிட்டைச் சொல்லிறான், எனக்குக் கேட்டது: "அப்ப என்ர தண்ணிதான் போல, சேர். நான் வேணுமெண்டு செய்யேல்லை."

விசரன்! நம்பிப்போட்டான், மச்சான். என்ர படத்தைப் பாத்துத் தானே கொலைகாரன் எண்டு நம்பிப்போட்டான். எதிராளியெண்டால் கத்தவேணும், பொய்யெண்டு மேசையில அடிக்கவேணும். இப்பிடி மொக்குத்தனமாத் தலையைக் குனியிறவனோட நான் என்னெண்டு வழக்காடுறது?

எங்கட லோயர் கேட்டார், வாய்க்கால் தண்ணி நிண்ட பிறகு குளம் எப்பிடி எண்டு. "அந்தப் படத்துக்குப் பிறகு முந்தியிலும் மோசம், ஐயா. புது மீனும் செத்துப்போச்சு. பழுது என்ர சேத்துக்குள்ள" எண்டனான். மொழிபெயர்க்கிறவர் சிங்களத்தில சொல்லாமல் என்னைப் பாக்கிறார். "நிச்சயமோ?" எண்டு தமிழில கேக்கிறார். "போய் மணந்து பாரும்" எண்டனான். நீதவான் சிரிக்கேல்லை. லோயர் இப்ப என்ர போனை எடுக்கிறதில்லை.

வழக்கைத் திருப்பி எடுத்தாச்சு. வாசலில வலன்ரைனிட்டைப் போனனான். என்னைத் தாண்டி, விளக்குக் கம்பத்தைத் தாண்டிப் போற மாதிரிப் போனான்.

இப்ப கேள். லோண்டரியைத் திறந்திட்டான், தோய்க்க ஒண்டுமில்லை. சதுப்பை நாசமாக்கின லோண்டரி எண்டு பேர் பரவினதால ஹோட்டல்காரர் எல்லாரும் வேற இடத்துக்குப் போட்டாங்கள். நான் ஒரு ஹோட்டலுக்குப் போய் மனேஜரிட்டை, லோண்டரியில பிழையில்லை, சேத்துக்கை பூச்சி இருக்கு, அது துருவைச் சுவாசிக்குது எண்டு என்ர சிங்களத்தில சொன்னனான். காவல்காரனைக் கூப்பிட்டான்.

சிங்களத்தில ஒரு பக்கம் எழுதித் தா. ஒரு ஹோட்டல் மனேஜருக்கு விளங்கிற மாதிரி. உன்ர முத்திரையோட. இது கெஞ்சல் இல்லை. சரி, கெஞ்சல்தான்.

அத்தான்

*

கண்டி
03.06.2025

அன்புள்ள அத்தானுக்கு,

சுகம். பக்கத்தை இணைத்திருக்கிறேன். வாய்க்காலிலும் கொஞ்சம் பொசுபரசு உண்டு, அது பெரிய பங்கு அல்ல என்பதையும் எழுதியிருக்கிறேன். அதை மறைக்க முடியாது. பொசுபரசு குறைந்த சவர்க்காரத் தூளின் பெயரும் கீழே உண்டு, வலன்ரைனிடம் கொடுங்கள். "பூச்சி" என்ற சொல்லை உங்களுக்காகவே வைத்திருக்கிறேன். என்னோடு வேலை செய்பவர்கள் கண்ணில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேற்சேற்றை வெட்டினீர்களா? அடுத்த விடுமுறைக்கு வருகிறேன். நண்டு இருந்தால் நல்லது.

பிரசாந்

*

வெள்ளவத்தை
20.07.2025

மச்சானுக்கு,

சுகம், சுகம். அக்கா நண்டுக்கு ஆள் சொல்லி வச்சிருக்கிறா.

சேத்தை வெட்டிக் கங்குன் பாத்திக்காரருக்குக் குடுத்தாச்சு. அவங்கள் தங்கம் கண்ட மாதிரி அள்ளிக்கொண்டு போனாங்கள்.

உன்ர பக்கத்தைக் கொண்டு ஹோட்டல் ஹோட்டலா ஏறினன். முதல் ஆள் வாசிக்காமலே திருப்பித் தந்தான். ரெண்டாவது ஆள் வாசிச்சுப்போட்டு, "இந்தப் பூச்சி எங்கட நீச்சல்குளத்திலயும் இருக்குமோ?" எண்டு கேட்டுப் பயந்து, என்னை அனுப்பிப்போட்டான். எல்லாம் படிச்ச மனுசர், ரை கட்டினதுகள். பம்பலப்பிட்டியில ஒரு சின்ன ஹோட்டல், அங்க ஒரு மனுசி மனேஜர். முழுக்க வாசிச்சா. "அப்ப நீர்தானே அந்த வழக்குப் போட்ட ஆள்?" எண்டு கேட்டா. ஓம் எண்டனான். "வெக்கமில்லையோ?" எண்டா. இருக்கு எண்டனான். துவாய் மட்டும் தாறன், பெட்சீற்றைப் பற்றிப் பேந்து பாப்பம் எண்டிட்டா.

துவாய் மூட்டையை என்ர ஓட்டோவிலதான் கொண்டு போனனான். லோண்டரி வாசலில வலன்ரைன் நிண்டான். பக்கத்தைக் குடுத்தன், வாங்கி வாசிச்சான். சவர்க்காரத்தின்ர பேரை மட்டும் கிழிச்சுப் பொக்கற்றுக்கை வச்சுக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தந்தான். நான் வாயில வந்த பகிடியெல்லாம் விட்டுப் பாத்தன். சுவருக்குச் சொன்ன மாதிரி.

சரியெண்டு மூட்டையின்ர ஒரு காதைப் பிடிச்சு நான் இழுக்க, மற்றக் காதை அவன் பிடிச்சான். கோட்ஸ் வாசலுக்குப் பிறகு முதல்முதலா என்ர முகத்தைப் பாத்தான்.

"நிலத்தில இழுக்காதை," எண்டான். "தூக்கு, மொக்கு."

தூக்கினன், மச்சான்.

நீ கெதியா வந்து சேர்.
லவன்